பத்து வருஷத்துக்கு ஒரு பூட்டு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத நான், நியூஜெர்சியில் ஒரு ஹாக்கி அணிக்கு மேனேஜராக இருந்தேன். எனக்கிருந்த தகுதி, ஏழு பேர் உட்காரக்கூடிய ஒரு வேன். அந்தப் பதவியில் நான் செய்த பெரிய காரியம், ஸ்பீட் போஸ்ட் என்று நாங்கள் கூப்பிட்ட சென்டர் ஃபார்வர்டு ஒருவனுக்கு இரண்டு சீசனுக்கு மட்டன் பிரியாணி வாக்குக் கொடுத்தது. முதல் சீசன் பாதியில் அவன் வேலை மாறி, டெக்சஸில் பேர்லேண்டுக்குக் குடிபோய்விட்டான். அங்கிருந்து போன் பண்ணி, வீடெல்லாம் பாதி விலை, மீனாட்சி கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, நீங்களும் வந்துவிடுங்கள் என்றான். அவனைத் திட்டுவதற்காகத்தான் போனை எடுத்தேன். வைக்கும்போது, அந்த ஊரில் வீட்டு வரி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஏமாந்ததன் விளைவாக நான் கிட்டத்தட்டப் பறிகொடுக்கவிருந்த ஆள்தான், பின்னால் நின்று தடுத்தாடுகிற எங்கள் பேக், பூட்டு.

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் பூட்டைத் தாண்டி எதுவும் போனதில்லை. பந்து போனதில்லை, பந்தோடு வந்தவன் போனதில்லை. பிறந்தநாள் விருந்துகளில் வாசலை அடைத்தாற்போல் அவர் நின்றுவிட்டால், கேக் வாங்கி வந்தவரே வெளியில் காத்திருப்பார். ஜெர்சி சிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தார். அங்கேயும் அதே பெயர்தான் என்று கேள்வி. அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு புரோகிராம் வெளியே போகாது, அவரோ போடமாட்டார்.

சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாக்கி அங்கே பொழுதுபோக்கு இல்லை, வாழ்க்கை முறை. கோவில்பட்டிக்காரருக்கு ஏன் திண்டுக்கல் சரக்கின் பெயர் வைத்தோம் என்று யாரும் யோசிக்கவில்லை. அவருடைய அம்மா அப்பா வைத்த பெயரை அணியில் ஒருவருமே கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அவராக எதுவுமே சொன்னதில்லை.

பூட்டின் கொள்கை ஒன்றுதான்: பேக் ஆடுகிறவன் மைதானத்தின் நடுவில் போட்ட அரைக்கோட்டைத் தாண்டக்கூடாது. மைதானத்தில் சரி. அவர் அதை அமெரிக்காவுக்கே விரிவுபடுத்தியிருந்தார். டிரைவிங் டெஸ்டுக்குப் போனார். நாலு பக்கமும் நிறுத்தற்பலகை வைத்த சந்திப்பில் காரை நிறுத்தினார். மூன்று பக்கத்திலிருந்தும் வண்டிகள் போயின. அடுத்த வண்டிகள் வந்தன, அவையும் போயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி, ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் போகட்டும், நான் பேக் என்று பூட்டு ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார். அதிகாரி தாமே ஓட்டிக்கொண்டு திரும்பினார். அதோடு பூட்டு லைசென்ஸ் ஆசையை விட்டார்.

எங்கள் லீகைப் பற்றியும் சொல்லவேண்டும். நியூஜெர்சியில் ஹாக்கி என்றால் ஐஸ் மேல் ஆடுவது. புல்தரையில் ஆடினால் அது பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் குட்டைப் பாவாடை கட்டி ஆடும் ஆட்டம். கடைகளில் மட்டை கிடைக்கும், ஆனால் இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும்தான் கிடைக்கும். பிஸ்கட்டவேக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் மைதானத்தை ஞாயிறு காலைகளில் வாடகைக்கு எடுத்து, தொப்பை வைத்த முப்பது பேர் பூப்போட்ட மட்டைகளோடு ஓடினோம். அணிக்கு ஏழெட்டுப் பேராக நான்கு அணிகள். என் மகள் ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாள். "அப்பா, திஸ் இஸ் எ கேர்ள்ஸ் கேம்" என்றாள். பிறகு ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "தே ஆர் பெட்டர்" என்றாள்.

முக்கால்வாசிப் பேர் எச்-ஒன் விசாக்காரர்கள். கம்பெனிச் சம்பளத்தைத் தவிர ஒரு டாலர் கை மாறினாலும் சட்டப்படி வம்பு. ஆகவே நல்ல ஆட்டக்காரர்களை இழுக்க ஒவ்வொரு அணியும் பணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. வண்டியில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப விடுவது, சாப்பாடு, ஷூ, ஊரிலிருந்து மாமியார் வந்தால் ஏர்போர்ட் பிக்-அப். எடிசன் ஊர் அணியை நடத்தியவர் சொந்தமாகக் கன்சல்டன்சி வைத்திருந்த ஒரு கோயமுத்தூர்க்காரர். அவரைக் கன்சல்டன்சி சார் என்போம். அவர் வாராவாரம் ஏதோ ஒரு அணியிலிருந்து ஒருவனைச் சாப்பாடு போட்டே தூக்கிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் லீகில் ஒரே அணிதான் மிஞ்சும், அது தனக்குத்தானே கோல் போட்டுக்கொள்ளும் என்று ஆயிற்று.

லீகின் செயலாளர் காசிம் பாய், கீழக்கரைக்காரர், ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் ஐடி கான்ட்ராக்டர். ஐஸ் ஹாக்கிக்காரர்கள் சம்பளச் சண்டையில் ஒரு வருஷம் முழுக்க ஆடாமலே இருந்துவிட்டு, ஒரு அணி இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்ற விதியோடு திரும்பி வந்திருந்த சமயம் அது. காசிம் பாயின் பக்கத்து மேசைக்காரன் அதை விளக்கப்போக, பாய் அன்றைக்கே எங்களுக்கும் ஒரு உச்சவரம்பு கொண்டுவந்துவிட்டார். ஒரு அணிக்கு, ஒரு சீசனுக்கு நூறு பாயிண்ட். சாப்பாட்டுக்கு இத்தனை, ஷூவுக்கு இத்தனை. வண்டிக்கு, டர்ன்பைக் என்ற நெடுஞ்சாலையில் எத்தனை எக்ஸிட் தாண்டுகிறதோ அதைப் பொறுத்து.

உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் ஆட்களின் கண்ணில் ஒரு ஒளி வந்தது. நில உச்சவரம்பைப் பார்த்து வளர்ந்த கூட்டம். அடுத்த ஞாயிறே ஒருவன் தன் பிரியாணியை மனைவி பெயரில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். காசிம் பாய், "பினாமி பிரியாணிக்கு டபுள் பாயிண்ட்" என்று அந்த இடத்திலேயே சட்டத்தைத் திருத்தினார்.

பாயின் நேர்மைக்கு ஒரு உதாரணம். அவரும் பூட்டும் ஜெர்சி சிட்டியில் ஒரே கட்டடம். அவர் மூன்றாவது மாடி, இவர் ஐந்தாவது. ஞாயிறு காலை நான் பிஸ்கட்டவேயிலிருந்து வந்து பூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். பின்னாலேயே பாய் தன் காரில் தனியாக, நாலு சீட்டும் காலியாக, அதே மைதானத்துக்கு வருவார். பூட்டை ஏற்றிக்கொண்டால் செயலாளரின் நடுநிலை கெட்டுவிடுமாம். ஒருநாள் என் வேன் டயர் வெடித்து ஓரத்தில் நின்றபோது, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

இனி கணக்கு. ஸ்பீட் போஸ்ட் பேர்லேண்டுக்குப் போனாலும் அவன் பாயிண்ட் போகாது, ஒப்பந்தம் முடியும்வரை அணியின் தலையில்தான் என்பது பாயின் விதி. அது நாற்பது. மற்ற ஆட்டக்காரர்களுக்கு நாற்பத்தைந்து. மீதி பதினைந்து. 2007 மார்ச்சில், பனி உருகி மைதானம் தெரிய ஆரம்பித்தபோது, பூட்டின் ஒப்பந்தம் முடிந்தது. அவருக்கு வண்டி இருபத்துநாலு, சாப்பாடு ஆறு, ஆக முப்பது வேண்டும். பதினைந்தை வைத்துக்கொண்டு முப்பதைக் கேட்கப் போனேன்.

பூட்டோடு பேரம் பேச முடியாது, அவர் பேசினால்தானே. அவர் மனைவிதான் பேசினார். பூட்டின் மனைவிக்கு என்ன பெயர் வைத்திருப்போம் என்று உங்களால் யூகிக்க முடியும். சாவி அக்கா. ஊரில் ஒரு மில்லில் பர்சனல் ஆபீசராக இருந்தவர். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து போனஸ் பேசிப் பழகியவர். இங்கே டிபென்டென்ட் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. ஐந்து வருஷமாக அந்தத் திறமையெல்லாம் வீணாகி, ஜர்னல் ஸ்கொயர் காய்கறிக் கடையில் வெண்டைக்காய் வாங்குவதில் மட்டும் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. நான் ஒப்பந்தம் என்று வாயைத் திறந்ததும் அவர் முகம் தீபாவளி மாதிரி ஆயிற்று. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க தம்பி. நிர்வாகத்தோட நிலைமை என்ன?"

நான்தான் நிர்வாகம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினைந்து என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவில்லை. மில் முதலாளிகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று காபி கொடுத்தார். பிறகு எடிசனிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள் என்றார். எவ்வளவு என்றேன்.

"கிரீன் கார்டு."

காபி எனக்குத் தப்பான குழாயில் இறங்கிவிட்டது. பூட்டு எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். ஹாக்கி ஆடிய கை. இருமல் நின்றது, மூச்சும் கொஞ்ச நேரம் நின்றது.

விஷயம் இதுதான். பூட்டைத் தன் கம்பெனிக்கே வேலைக்கு எடுத்துக் கிரீன் கார்டு வாங்கித் தருவதாகக் கன்சல்டன்சி சார் சொல்லியிருந்தார். எச்-ஒன் விசா ஆறு வருஷம். அவருக்கு அடுத்த வசந்தத்தோடு முடிகிறது. அதற்கு ஒரு வருஷம் முன்பே கம்பெனி கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணினால்தான் மேற்கொண்டு இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ஒரு வருஷக் கெடு வர இன்னும் சில வாரங்களே இருந்தன. அவருடைய கம்பெனி ஃபைல் பண்ணவில்லை. காரணம், அவர் கேட்கவில்லை. மேனேஜரின் அறைக்குள் தானாகப் போய் ஒன்றைக் கேட்பது அவர் கணக்கில் அரைக்கோட்டைத் தாண்டுவது.

"ஒரு வார்த்தை கேளுங்கன்னு நானும் தலையால அடிச்சுக்கிடுதேன்" என்றார் சாவி அக்கா. "அவுகளா கூப்பிட்டாப் பேசுவாகளாம்."

பூட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கிருந்து யாராவது பந்தோடு வரக்கூடும் என்பதுபோல.

கிரீன் கார்டுக்கு எத்தனை பாயிண்ட் என்ற கேள்வி லீகுக்குப் போயிற்று. எடிசனில் ஒரு தோசைக் கடையில் கமிட்டி கூடியது. கிரீன் கார்டு என்பது சைபர் என்றார் கன்சல்டன்சி சார். அது ஆபீஸ் சமாசாரம், ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் எழுந்து அது முடிவில்லாத எண் என்றேன். ஒரு பிரியாணிக்கு ஒரு பாயிண்ட் என்றால், ஆயுள் முழுக்க இந்த நாட்டில் எத்தனை பிரியாணி சாப்பிடலாம் என்று கணக்குப் பார்க்கச் சொன்னேன். என் பேச்சுகளிலேயே அது சிறந்த பேச்சு. பேசி முடித்து உட்கார்ந்த பிறகுதான், என் எதிரிலேயே பூட்டும் சாவி அக்காவும் உட்கார்ந்திருப்பதும், நான் இவ்வளவு நேரமும் அவர்களுக்கு அது கிடைக்கக்கூடாது என்று வாதாடியதும் உறைத்தது. தலையைத் தட்டுக்குள் விட்டுக்கொண்டு தோசையைத் தின்றேன். அது பக்கத்தில் இருந்தவருடைய தோசை.

காசிம் பாய் நெற்றியைத் தேய்த்தார். சைபரா, முடிவிலியா, இரண்டில் ஒன்றுதான், நடுவில் ஒன்றும் இல்லை, யோசிக்கவேண்டும் என்றார். அப்போது சாவி அக்கா கன்சல்டன்சி சாரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப ஃபைல் பண்ணுவீங்க?"

"மொதல்ல ஒரு சீசன் நமக்கு ஆடட்டுமுங்க. அப்புறம் தாராளமா ஃபைல் பண்ணிக்கலாமுங்க."

"சரி. நீங்க வேலைக்கு எடுத்துக்கிடுதேன்னு சொன்னத மட்டும் ஒரு மெயில்ல போட்டுருங்க."

"இப்பவே போடறனுங்க. நம்ம வார்த்தை வார்த்தைங்க."

அவர் பெருமையோடு அங்கேயே கைபேசியில் தட்டி அனுப்பினார். பூட்டு போய்விட்டார், ஒரு சீசன் முழுக்க எங்கள் கோலில் பந்து மழையாகப் பெய்யும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஒரு கிலோ குறைவாக வாங்கலாமா என்றாள்.

மறுநாள் சாவி அக்காவே போன் பண்ணி வரச்சொன்னார். ஆடிவிட்டு ஃபைல் பண்ணுவது என்ற பேச்சை மில்லில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாராம். போனஸ் பொங்கலுக்கு என்பார்கள். எந்தப் பொங்கல் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அந்த மனிதரை நம்பிக் கெடுவை விடமுடியாது, இவர் உங்கள் அணியிலேயே ஆடட்டும் என்றார். நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். உட்காருங்கள், இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை என்றார்.

"இந்தப் பாயிண்டுல பெருசு எது? வண்டி. வண்டிய எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அண்ணாச்சி எப்படிக்கா வருவாரு?"

"நான் ஓட்டிக் கூட்டியாரேன். எனக்கு நீங்க டிரைவிங் சொல்லிக் கொடுங்க."

டிரைவிங் பாடம் ஐம்பது பாயிண்ட் என்று பாயின் பட்டியலில் இருந்தது. ஐம்பதுக்கு எங்கே போவேன் என்றேன். அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். பாடம் ஒரு தடவைதான், ஆனால் ஒப்பந்தம் பத்து வருஷம். ஐம்பதைப் பத்தாகப் பிரித்தால் வருஷத்துக்கு ஐந்து. சாப்பாடு ஆறு. ஆக மொத்தம் பதினொன்று. பதினைந்தில் நாலு மிச்சம்.

நான் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றுதான் வந்தது. இதே தந்திரத்தை ஐஸ் ஹாக்கிக்காரர்கள் கோடிக்கணக்கில் செய்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அவர்களுக்கு வக்கீல்கள் இருந்தார்கள். இவருக்கு ஒரு டம்ளர் காபி.

"இன்னொண்ணு தம்பி. இதுக்குப் பாயிண்ட் கிடையாது." அவர் கொஞ்சம் தயங்கினார். "அவுக சொல்லச் சொன்னாக. சீசன் ஆரம்பிச்சு, எனக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும் உங்க வண்டிலதான வருவாக, அது பாடத்தோட அந்த ஐம்பதுலயே அடக்கம். அதுவரைக்கும் நீங்க வண்டியில கொஞ்சம் கம்மியாப் பேசணுமாம்."

மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் டர்ன்பைக்கில் நான் பேசிக்கொண்டே வருவேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவார். ரசித்துக் கேட்கிறார் என்றே நம்பியிருந்தேன். பூட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மும்முரமாக மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

காசிம் பாய் ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எக்செல்லில் அது எந்த இடத்திலும் உதைக்கவில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை.

"அடுத்த வருஷம் விசா முடியுற ஆளுக்குப் பத்து வருஷ கான்ட்ராக்டா? எப்படிக்கா?"

"அத நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க ஐம்பதப் பத்தால வகுங்க" என்றார் சாவி அக்கா.

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். பூட்டு ஊருக்குப் போய்விட்டால், அந்த ஐந்து பாயிண்ட் 2016 வரைக்கும் வருஷாவருஷம் உங்கள் அணித் தலையில் ஏறும், ஸ்பீட் போஸ்டிடம் பட்டது போதாதா என்றார். அணியிலும் அதையேதான் சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் மரியாதைக் குறைவாக. நான் கையெழுத்துப் போட்டேன். தைரியம் என்று நினைக்கவேண்டாம். எதிரில் சாவி அக்கா பேனாவை மூடி கழற்றி நீட்டிக்கொண்டிருந்தார்.

டிரைவிங் பாடம் ஒரு ஷாப்பிங் மாலின் காலியான பார்க்கிங்கில் நடந்தது. கணவர் முன்னால் போகமாட்டார், மனைவி நிற்கமாட்டார். பிரேக் என்று ஒன்று இருப்பதை நான் வாரக்கணக்கில் நினைவூட்டவேண்டியிருந்தது. மூன்றாவது பாடத்தில், ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிபார்த்துப் போய்க்கொண்டிருந்தபோது, சாலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நேத்து உள்ள போயிட்டாக, தம்பி."

"அக்கா, கம்பம்."

"மேனேஜர் ரூமுக்குள்ள."

"அக்கா, பிரேக்கு."

வண்டி நின்றது. கம்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஹாக்கி மட்டை வைக்கலாம். அங்கேயே வைத்து முழுக்கதையையும் சொன்னார்.

கன்சல்டன்சி சாரின் மெயிலை அச்செடுத்து, நேற்றுக் காலையில் பூட்டின் சட்டைப் பையில் சாவி அக்காதான் வைத்திருக்கிறார். இன்றைக்கு நீங்கள் அரைக்கோட்டைத் தாண்டுகிறீர்கள், இல்லாவிட்டால் நானே ரயிலேறி ஆபீசுக்கு வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பூட்டு மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். வாசலில் நிற்பது அவருக்குப் புதிதல்ல. அவர் நின்றால் வேறு யாரும் உள்ளே போகமுடியாது. வெளியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் அந்த வெள்ளைக்கார மேனேஜரே தலையைத் தூக்கி என்ன விஷயம் என்று கேட்க, பூட்டு உள்ளே காலை எடுத்து வைத்து, காகிதத்தை மேசைமேல் வைத்தார். தன் உத்தியோக வாழ்க்கையின் மிக நீளமான உரையையும் நிகழ்த்தினார். சாவி அக்கா அதை அப்படியே சொல்லிக் காட்டினார்.

"ஐ ஆம் டிஃபெண்டர். ஐ டோன்ட் கோ ஃபார்வர்ட். டுடே ஐ கேம்."

மேனேஜர் ஐஸ் ஹாக்கி பைத்தியம். அவர் உயிராக நினைத்த உள்ளூர் அணியின் அருமையான டிஃபெண்டர் ஒருவர் கொஞ்ச காலம் முன்னால் கலிபோர்னியாப் பக்கம் போய்விட்ட துக்கத்திலிருந்து அவர் இன்னும் மீண்டிருக்கவில்லை. நீ ஹாக்கி ஆடுவாயா, டிஃபென்ஸா என்று எழுந்தே விட்டாராம். மெயிலைப் படித்தார். இன்னொருவன் கேட்கிறானா என்றார். ஆமாம் என்று பூட்டு தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேரம். நல்ல டிஃபெண்டரை ஒரு தடவை விட்டதே போதும் என்று சொல்லிக்கொண்டே வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டார். எந்த ஹாக்கி என்று அவர் கேட்கவில்லை. புல்தரை, பூப்போட்ட மட்டை என்றெல்லாம் பூட்டும் சொல்லவில்லை. அவர்தான் எதையுமே சொல்வதில்லையே.

கெடுவுக்குள் ஃபைல் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கன்சல்டன்சி சார் மைதானத்தில் என்னிடம் வந்து, "நம்ம மெயில வெச்சே ஜோலிய முடிச்சுட்டாங்களேங்க" என்றார். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. சாவி அக்காவுக்கு வேலைக்குப் போகும் அனுமதி கிடைக்கும்போது முதலில் தன்னிடம் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஜூனில் சாவி அக்கா லைசென்ஸ் வாங்கினார். டெஸ்ட் எடுத்த அதிகாரி இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார் என்பதைத் தவிர குறை ஒன்றுமில்லை. பழைய சிவப்புக் கார் ஒன்றும் வந்தது. பூட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். காசிம் பாய் பின்னால் தன் காலிக் காரில். நான் பிஸ்கட்டவேயிலிருந்து நேராக மைதானத்துக்குப் போனேன். பெட்ரோல் மிச்சம், அதிகாலைத் தூக்கம் மிச்சம், அணிக்கு நாலு பாயிண்டும் மிச்சம். வேனில் நான் பேச ஆளில்லை. ரேடியோவில் டிராபிக் நிலவரம் கேட்டுக்கொண்டே போனேன். அதற்குப் பதில் சொல்கிற பழக்கமும் வந்துவிட்டது.

இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூட்டிடமிருந்து போன். அவர் எனக்குப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை. "காலைல ஆறரைக்கு வாரும். லாண்டரி முக்கு" என்று வைத்துவிட்டார். கார் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை போனேன். அவர் கட்டடத்தின் முன்னால் சிவப்புக் கார் கழுவித் துடைத்து நின்றது. பூட்டு அங்கே இல்லை. தெருவைத் தாண்டித் திரும்பினால், கதவு சாத்திய லாண்டரியின் சுவரோடு சுவராக, யூனிபார்ம் போட்டு, மட்டையைக் கால் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அக்காவுக்கு உடம்புக்கு முடியலையா?"

அதற்கும் இல்லை. முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, பெல்ட்டை மாட்டினார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. அக்காவிடம் சொன்னீர்களா, இது உச்சவரம்பை மீறுகிற காரியம், வண்டிக்கு இருபத்துநாலு பாயிண்ட், நம் கையில் இருப்பது நாலு, மாட்டினால் அணியையே தூக்கிவிடுவார்கள், அதோடு நான் வண்டியில் பேசிக்கொண்டே வருவேன், அது உங்களுக்குப் பிடிக்காது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

பூட்டு பக்கக் கண்ணாடியில் ஒரு தடவை தெருவைப் பார்த்தார்.

"காசிம் இறங்குததுக்கு முன்ன எடும்வே."